வாக்குக்குப் பிணை: நிச்சய மோதிரம் காங்கேயத்துக்கு வந்த கதை

காங்கேயம் வட்டாரத்துக் கல்யாண மண்டபங்களில் இப்போது நிச்சயதார்த்தம் பெரும்பாலும் இரண்டு பாகமாக நடக்கிறது. முதல் பாகத்தில் இரு வீட்டுப் பெரியவர்களும் எதிரெதிரே உட்கார்ந்து உப்புச் சர்க்கரை மாற்றிக்கொள்கிறார்கள். வெற்றிலை பாக்குத் தட்டு கை மாறுகிறது. இன்ன கூட்டம், இன்ன ஊர்க் காணியாச்சி, தாய்மாமன் இன்னார் என்பதெல்லாம் சபையறியச் சொல்லப்படுகிறது. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அதில் பெரிய வேலை கிடையாது. இரண்டாம் பாகம் மேடையில் நடக்கிறது. பூ அலங்காரம், கேக், பாட்டு எல்லாம் உண்டு. இருவரும் மோதிரம் மாற்றிக்கொள்கிறார்கள். போட்டோக்காரர் போதும் என்று சொல்லும்வரை மோதிரத்தைப் பாதி விரலில் நிறுத்திவைத்து நிற்கிறார்கள். இந்தப் பாகத்தில் பெரியவர்களுக்கு வேலை கிடையாது. கீழே நாற்காலியில் அமர்ந்து பந்திக்குக் காத்திருக்கிறார்கள்.

இரண்டாம் பாகம் மேற்கிலிருந்து வந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் வந்தது எது? மேற்கில் அந்த மோதிரத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரு வேலை இருந்தது. கல்யாணம் பேசி முடிவதற்கும் கல்யாணம் நடப்பதற்கும் இடையில் உள்ள நாட்களில், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது அந்த வேலை. வாக்கை முறிப்பவன் எதையாவது இழக்க வேண்டும். இழப்பு இல்லாத வாக்கை யாரும் நம்புவதில்லை. அந்தப் பிணை மேற்கில் எப்படி மோதிரத்தின் மேல் வந்து உட்கார்ந்தது, கொங்கில் ஏன் அதற்கு மோதிரம் தேவைப்படவில்லை, இப்போது தேவைப்படத் தொடங்கியிருக்கிறதா என்பவையே இங்கு பார்க்க வேண்டியவை.

எகிப்தியர்தான் முதலில் மோதிரம் மாற்றினார்கள் என்று நகைக்கடை விளம்பரங்கள் சொல்லும். எழுத்தில் தெளிவாகக் கிடைப்பது ரோமிலிருந்துதான். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன மூத்த பிளினி, நிச்சயித்த பெண்ணுக்கு இரும்பு மோதிரம் அனுப்பும் வழக்கம் தம் காலத்திலும் நீடிப்பதாக எழுதியிருக்கிறார். அதில் கல்லும் பதித்திருக்காது. பொன் அதன்பிறகு வந்தது. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய தெர்த்துல்லியன், அந்தக் காலத்துப் பெண்கள் நிச்சய மோதிரம் போட்ட ஒரு விரலைத் தவிர வேறெங்கும் தங்கம் அறியாதவர்கள் என்று தம் காலத்து ஆடம்பரத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறார். 'அந்தக் காலத்துப் பெண்கள்' என்ற புலம்பலுக்கு வயது அவ்வளவு.

எந்த விரல் என்பதற்கும் ரோமானியர்கள் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். இடக்கையில் சுண்டு விரலுக்கு அடுத்த விரலிலிருந்து மெல்லிய நரம்பொன்று நேராக இதயத்துக்குப் போகிறது, எகிப்தில் உடலை அறுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள் என்று அப்பியோன் சொன்னதாக ஆலுஸ் கெல்லியுஸ் குறித்துவைத்தார். மாக்ரோபியுஸ் பின்னாளில் அதைத் திரும்பச் சொன்னார். அப்படி ஒரு தனி நரம்பு கிடையாது. ஆனாலும் நகை விற்பவர்கள் அந்த நரம்பை இன்னும் விடவில்லை.

சட்டத்தில் நடந்தது இதைவிடச் சுவையானது. நிச்சயத்தை முறித்தவனைக் கல்யாணத்துக்கு வற்புறுத்த ரோமானியச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. முறித்தால் அபராதம் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போடுவதும் செல்லாது. அதனால் வியாபாரத்தில் பழகிய ஒரு முறையைக் கல்யாணத்துக்கும் கொண்டுவந்தார்கள்: அச்சாரம். பிற்காலப் பேரரசில் நிச்சயத்தின்போது மாப்பிள்ளை வீட்டார் அச்சாரம் கொடுப்பார்கள். கொடுத்தவர் முறித்தால் அது போய்விடும். வாங்கியவர் முறித்தால் நான்கு மடங்காகத் திருப்ப வேண்டும், பின்னாளில் இது இரண்டு மடங்காகக் குறைந்தது. மோதிரம் அந்த அச்சாரத்தின் கண்ணுக்குத் தெரியும் பகுதியாக ஆயிற்று. கான்ஸ்டன்டைன் காலச் சட்டமொன்று இன்னும் நுணுக்கமாகப் போகிறது. நிச்சயத்தின்போது முத்தமிட்டிருந்து, பிறகு மாப்பிள்ளை இறந்துபோனால், வந்த பரிசுகளில் பாதியைப் பெண் வைத்துக்கொள்ளலாம். முத்தமிடவில்லை என்றால் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தேங்காய்ப் பருப்பு மண்டிக் கணக்குப் போல இருக்கிறது என்று காங்கேயத்துக்காரர் சிரிக்கலாம். ஆனால் கல்யாணப் பேச்சில் கணக்கு இல்லாத ஊர் எது?

ரோமானிய மோதிரக் கதையில் காங்கேயத்துக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. அது சடங்கு வழியாக வந்ததல்ல, கல் வழியாகப் போனது. காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகும் சாலையில் உள்ள படியூர் கடல்நீல நிறப் பெரில் கல்லுக்குப் பேர்போன இடம். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் ஜே. எம். ஹீத் 1819–20இல் அங்கே தோண்டி 2,196 கற்கள் எடுத்தார். அவற்றின் மதிப்பு 1,201 பவுண்டு என்று பதிவாகியிருக்கிறது. பக்கத்திலுள்ள சிவன்மலையின் பாறைகளையும் அவற்றிலிருக்கும் குருந்தக் கல்லையும் பற்றி டி. எச். ஹாலந்து 1901இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக எழுதிய ஆய்வு இன்றும் நிலவியலாளர் புரட்டுவது. நிலாக்கல், பெரில், குருந்தம் என்று இந்த மண்ணில் உழவு மழைக்குப் பிறகு கல் பொறுக்குவது பழைய பழக்கம். பட்டை தீட்டுவோரும் கல் வியாபாரிகளும் காங்கேயத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் எ. சுப்பராயலு, கா. ராஜன் முதலியோர் 1980களிலிருந்து நடத்திய அகழாய்வுகளில், பெரில், படிகம், சூதுபவளம் ஆகியவற்றில் மணி செய்த பட்டறைகளின் எச்சங்கள் அதன் எல்லா நிலைகளிலும் கிடைத்தன: உடைத்த கல், பாதி துளையிட்ட மணி, முடிந்த மணி. பதிற்றுப்பத்தில் நகைக்குப் பெயர்பெற்றதாக வரும் கொடுமணம் இந்த ஊர்தான் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரைத் துறைமுகங்களுக்கும், கரூர் வழியாகக் கிழக்கே காவிரிப்பூம்பட்டினத்துக்கும் போகும் பெருவழியின் நடுவில் இருந்தது அது. கொங்கில் அங்கங்கே கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல்கள் சரக்குக்கு வந்த விலை.

பிளினிக்கு இந்தச் சரக்கு தெரியும். பெரில் வேறெங்கும் அரிது, இந்தியாவிலிருந்து வருகிறது, கடல் நீரின் பசுமை உள்ளதே உயர்ந்தது என்கிறார். இந்தியர்கள் நீண்ட பெரில்களை விரும்புகிறார்கள், தங்கத்தில் பதிக்காமலே அழகு என்று சொல்லித் துளையிட்டு யானை முடியில் கோக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். படிகத்துக்குச் சாயமேற்றிப் போலி பெரில் செய்வதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதையும் அவர் விடவில்லை. முதல் நூற்றாண்டில் எவோடஸ் என்ற கைவினைஞர் பேரரசர் டைட்டஸின் மகள் யூலியாவின் முகத்தைக் கடல்நீலக் கல்லில் செதுக்கினார். அது பாரிஸில் பிரெஞ்சு தேசிய நூலகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அது படியூர்க் கல் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், சொல்லச் சான்றில்லை. இந்தியாவிலிருந்து போயிருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

ஆக, ரோமானியப் பெண்ணின் நிச்சய மோதிரத்தில் கல் கிடையாது. அவள் பின்னாளில் அணிந்த ஆடம்பர மோதிரத்தில் கொங்குக் கல் இருந்திருக்கலாம். அதே காலத்துக் கொங்கிலும் மோதிரம் இருந்தது. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில், தமிழ்ப் பிராமியில் ஆட்பெயர் பொறித்த மோதிரங்கள் கிடைத்திருக்கின்றன. அவை முத்திரை மோதிரங்கள். 'இது என்னுடையது', 'இது நான்தான்' என்று சொல்பவை. கம்பனில் இராமன் அனுமனிடம் கொடுத்தனுப்பும் கணையாழியும் அந்த இனம்தான். காளிதாசனின் சகுந்தலை கதையைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். துஷ்யந்தன் அவளை மணந்தது காட்டில், வளர்த்தவர் ஊரில் இல்லாதபோது. அந்தக் கல்யாணத்துக்கு மோதிரம்தான் ஆதாரம். அது ஆற்றில் விழுந்ததும் கல்யாணமே இல்லாமல் போகிறது. நாடகம் அதற்குத் துர்வாசரின் சாபத்தைக் காரணம் காட்டுகிறது. நடைமுறைக் காரணம், கேட்டால் சொல்வதற்கு அரண்மனையில் மதிப்புள்ள ஒரு சொந்தக்காரர்கூட அவள் பக்கம் இல்லை என்பதே. சாட்சி இல்லாத இடத்தில்தான் மோதிரத்துக்கு வேலை வருகிறது. களவில் கூடியபோது பக்கத்தில் ஒரு குருகு மட்டும் நின்றது என்று குறுந்தொகைத் தலைவி கலங்குவதும் இதே அச்சத்தில்தான். உலகத்தில் பொய்யும் தவறும் தோன்றிய பிறகே பெரியோர் கல்யாணச் சடங்கை வகுத்தனர் என்று தொல்காப்பியம் காரணம் கூறுகிறது. சடங்கைப் பிணை ஏற்பாடாகப் பார்த்த இவ்வளவு வெளிப்படையான கூற்று வேறெங்கும் என் கண்ணில் பட்டதில்லை.

மேற்கில் இடைக்காலத்தைச் சுருக்கமாகவே கடக்கலாம். 866இல் பல்கேரியர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதிய திருத்தந்தை முதலாம் நிக்கோலஸ், நிச்சயத்தின்போது மணமகன் பெண்ணின் விரலில் நம்பிக்கையின் அடையாளமாக மோதிரம் போடும் ரோமானிய வழக்கத்தை விவரிக்கிறார். அச்சாரம் திருச்சபையின் கையில் புனிதச் சின்னமாக மாறிவிட்டது. 1215ஆம் ஆண்டு லாத்தரன் சங்கம், கல்யாணத்தை முன்கூட்டிக் கோயிலில் அறிவிக்க வேண்டும் என்றது. 1549இல் இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டு நூல் கல்யாண மோதிரத்தை இடக்கைக்கு மாற்றியது. தூய்மைவாதிகள் மோதிரமே ஆகாது என்றார்கள். கிழக்கு மரபுத் திருச்சபைகளில் இன்றும் நிச்சயம் ஒரு தனி வழிபாடு; மோதிரங்களை மும்முறை மாற்றி வலக்கையில் அணிவார்கள். கத்தோலிக்கத் திருச்சபை தமிழ்நாட்டுக்கு வந்தபோது மோதிரத்தை வைத்து எதையும் சாதிக்க முடியவில்லை. தாலியைத்தான் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. 1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் துர்னோன் பிறப்பித்த ஆணை, பிள்ளையார் உருவமுள்ள தாலியை விலக்கி, சிலுவை உள்ளதை அனுமதித்தது. தமிழ்க் கிறிஸ்தவர் கல்யாணங்களில் மோதிரமும் தாலியும் சேர்ந்தே நிற்பதற்குப் பின்னால் இப்படி ஒரு பழைய பேரம் இருக்கிறது.

வைரம் இந்தக் கதைக்குள் தாமதமாக வந்தது. 1477இல் ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியன் பர்கண்டியின் மேரிக்குக் கொடுத்ததுதான் பதிவான முதல் வைர நிச்சய மோதிரம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அப்போது ஐரோப்பாவுக்குப் போன வைரம் ஏறக்குறைய எல்லாம் இந்திய வைரம். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு வியாபாரி தவர்னியே கிருஷ்ணா நதிக்கரையில் கொல்லூர்ச் சுரங்கத்தைப் பார்த்துவிட்டு எழுதினார். 1720களில் பிரேசிலில் வைரம் கிடைத்த பிறகுதான் நம் ஏகபோகம் முடிந்தது. இருந்தும் ஐரோப்பியர் எல்லாரும் வைரமே வாங்கவில்லை. ஆல்பர்ட் விக்டோரியாவுக்குப் போட்டது பாம்பு வடிவ மோதிரம், மரகதம் பதித்தது. கற்களின் பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்தால் ஒரு சொல் வரும்படி கட்டிய மோதிரங்களும், உள்பக்கம் ஒரு வரிக் கவிதை பொறித்த மோதிரங்களும் புழங்கின.

1860களின் இறுதியில் தென்னாப்பிரிக்காவில் வைரம் அள்ள அள்ளக் கிடைத்ததும் தொல்லை தொடங்கியது. அள்ளக் கிடைப்பது அரிய பொருளாக இருக்க முடியாது. 1888இல் சிசில் ரோட்ஸ் உருவாக்கிய டி பியர்ஸ் நிறுவனம் சுரங்கங்களை ஒரே குடைக்குள் கொண்டுவந்து சந்தைக்கு வருவதை அளந்து விட்டது. அதற்கு இரண்டாண்டு முன் டிஃபனி நிறுவனம் ஆறு கொக்கிகளால் கல்லைத் தூக்கி நிறுத்தும் மோதிரத்தை அறிமுகப்படுத்தியிருந்தது. இன்று நிச்சய மோதிரம் என்றதும் கண்ணில் வரும் வடிவம் அதுதான். 1938இல் டி பியர்ஸின் ஹாரி ஓப்பன்ஹைமர் நியூயார்க்கில் என். டபிள்யூ. அயர் விளம்பர நிறுவனத்தை அணுகினார். அந்த நிறுவனத்தில் விளம்பர வாசகம் எழுதிய பிரான்சஸ் ஜெரட்டி, வைரம் என்றென்றைக்கும் உரியது என்ற பொருள்படும் புகழ்பெற்ற வாசகத்தை 1947இல் எழுதினார். அவர் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு மாதச் சம்பளத்தை மோதிரத்துக்குச் செலவழிக்கலாமே என்று 1980களில் அமெரிக்க ஆண்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் டி பியர்ஸின் விளம்பரங்கள்தான்.

விளம்பரத்தின் வலிமைக்கு ஜப்பானை எடுத்துக்காட்டுவார்கள். 1967இல் அங்கே வைர நிச்சய மோதிரம் பெற்ற மணப்பெண்கள் 100க்கு 5 பேருக்கும் குறைவு. 1981 வாக்கில் 60 பேர். பெற்றோர் பேசி முடிக்கும் கல்யாணமே வழக்கமாக இருந்த நாடு அது. 'பாரம்பரியம்' என்று நம்பப்படும் ஒன்றைப் பதினான்கு ஆண்டுகளில் செய்துவிட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் எல்லாவற்றையும் விளம்பரத்தின் தலையில் கட்டிவிட்டு நடக்கும் ஆய்வுகளில் எனக்கு முழு உடன்பாடில்லை. மார்கரெட் பிரினிக் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் 1990இல் எழுதிய ஒரு கட்டுரை வேறொன்றைக் கவனித்தது. பழைய ஆங்கில, அமெரிக்கச் சட்டத்தில் கல்யாண வாக்கை மீறியவன் மேல் பெண் வழக்குப் போட்டு இழப்பீடு பெறலாம். வாக்கை நம்பித் தன்னைக் கொடுத்துவிட்ட பெண்ணுக்கு வேறு மாப்பிள்ளை கிடைக்காமல் போகும் சமூகம் அது. நீதிமன்றம் அதற்கு விலை போட்டது. இது பணம் பறிக்கும் வழியாகிவிட்டது என்ற கூச்சல் எழுந்து, 1935இல் இண்டியானா மாநிலம் முதலாவதாக இத்தகைய வழக்குகளை ஒழித்தது. அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர் ராபர்ட்டா வெஸ்ட் நிக்கல்சன், அவையில் இருந்த ஒரே பெண். பத்தாண்டுக்குள் பதினாறு மாநிலங்கள் இத்தகைய வழக்குகளை ஒழித்திருந்தன. அமெரிக்காவில் வைர மோதிரத்துக்கான தேவை ஏறத் தொடங்கியதும் 1935ஐ ஒட்டித்தான், பெரிய விளம்பரங்கள் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே. நீதிமன்றம் பிணையாக நிற்பதை நிறுத்தியதும் பெண்ணின் கையில் விலையுயர்ந்த ஒரு பொருள் வந்து அமர்ந்தது என்பது பிரினிக்கின் வாதம். முறித்தால் அவன் அதை இழப்பான். ரோமானிய அச்சாரம் வேறு உடையில் திரும்பி வந்துவிட்டது. விளம்பரம் விதைத்திருக்கலாம், நிலம் ஏற்கெனவே உழுது கிடந்தது.

பிணைப் பொருள் என்றால் அது யாருக்குச் சேரும் என்ற வழக்கும் வரும். இங்கிலாந்தில் 1970ஆம் ஆண்டுச் சட்டம் கல்யாண வாக்கு மீறல் வழக்கை ஒழித்ததோடு, நிச்சய மோதிரம் முழுமையான அன்பளிப்பு என்றே கருதப்படும், நிபந்தனையோடு கொடுத்ததாகக் கொடுத்தவர் மெய்ப்பித்தால் மட்டும் திரும்பப் பெறலாம் என்றும் சொன்னது. அமெரிக்க மாநிலங்கள் பலவும் எதிர்த் திசையில், கல்யாணம் நடக்காவிட்டால் மோதிரம் திரும்ப வேண்டும் என்கின்றன. 'முறித்தது யார் தப்பு' என்று அலசிக்கொண்டிருந்த மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம், 2024 நவம்பரில் அந்த விசாரணையே வேண்டாம், யார் தப்பாக இருந்தாலும் மோதிரம் கொடுத்தவருக்கே என்று தீர்த்துவிட்டது. அந்த வழக்கில் மோதிரத்தின் விலை 70,000 டாலர். தப்பு யாருடையது என்று கேட்காத பிணையைப் பிணை என்று சொல்லலாமா என்பது வழக்கறிஞர்கள் வாதிட வேண்டியது. மேற்கிலேயே மோதிரத்தின் பழைய வேலை தேய்ந்துவருவதை அந்தத் தீர்ப்பில் பார்க்கிறேன்.

மேற்கு என்று ஒரே சொல்லில் அடக்குவதும் முழுச் சரியில்லை. ஜெர்மனியில் நிச்சயத்தில் இருவரும் வெறும் வளையம் போன்ற மோதிரத்தை இடக்கையில் அணிந்து, கல்யாணத்தன்று வலக்கைக்கு மாற்றுவார்கள். பிரேசிலில் வலமிருந்து இடம். அயர்லாந்தின் கிளாடா மோதிரத்தில் இரு கைகள் ஓர் இதயத்தை ஏந்தியிருக்கும். அதை அணியும் திசையே அணிந்தவர் நிலையைச் சொல்லும். அமெரிக்காவில் 1920களில் ஆணுக்கும் நிச்சய மோதிரம் விற்க நகைக்காரர்கள் முயன்று தோற்றார்கள். இங்கே நம் ஊரில் அவர்கள் கடை போட்டிருந்தால் தோற்றிருக்க மாட்டார்கள். பெண்ணுக்கு மோதிரம் போடாத வீடு உண்டு. மாப்பிள்ளைக்கு மோதிரம் போடாத மாமனார் கொங்கில் தலைநிமிர முடியாது.

இனி இந்த ஊர்ப் பிணையைப் பார்க்கலாம். காங்கேயத்துக்குப் பக்கத்தில் கண்ணபுரம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் 1960களின் நடுவில் தங்கி ஆய்வு செய்தவர் பிரெண்டா பெக். 1972இல் வெளிவந்த அவருடைய கொங்கு பற்றிய நூல், கல்யாண உறவுகளும் சீர்களும் எப்படிச் சாதிக்குச் சாதி அமைந்திருந்தன என்பதை விரிவாகப் பேசுகிறது. கொங்கு வேளாளர் கல்யாணத்தைப் பழைய முறைப்படி நடத்திவைப்பவர் அருமைக்காரர். அந்தத் தகுதியை அவரே ஒரு சீரின் வழியாகப் பெற்றிருக்க வேண்டும். கம்பர் பேரில் வழங்கும் மங்கல வாழ்த்தைப் பாடுபவர் நாவிதர். மாப்பிள்ளையின் சகோதரிக்கு இணைச்சீர் உண்டு. தாய்மாமனுக்கு இன்ன இடத்தில் நிற்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. ஒரு கல்யாணத்தில் இத்தனை பேருக்கு வேலை பிரித்துக் கொடுப்பது வெறும் அலங்காரமாகத் தெரியலாம். உண்மையில் அவர்கள் ஒவ்வொருவரும் சாட்சி. 'நான் இருந்தேனே, உப்புச் சர்க்கரை மாத்தறப்ப நான் அங்கதானுங்க இருந்தேன்' என்று சொல்ல நூறு பேர் இருக்கும் ஊரில் வாக்கை மாற்றுவது சுலபமல்ல. மாற்றினால் அந்த வீட்டின் அடுத்த பெண்ணுக்கு வரன் வராது. இழப்பு தனி ஆளுக்கு வருவதில்லை, வீட்டுக்கு வருகிறது. மோதிரத்தால் கூட்ட முடியாத பலம் அது.

மோதிரம் இங்கே வேறு வேலைகளில் இருந்தது. நெளி மோதிரம், வங்கி மோதிரம் பெண்ணுக்கு நகை; ராசிக்கல் மோதிரம் ஆணுக்கு நம்பிக்கை. தாலி கட்டி முடிந்ததும் குடத்துத் தண்ணீரில் மோதிரத்தைப் போட்டு, யார் கைக்கு முதலில் அகப்படுகிறது என்று பெண்ணையும் மாப்பிள்ளையையும் துழாவ விட்டுச் சிரிப்பார்கள். இருவரும் ஒருவர் கையை ஒருவர் தொட்டுப் பழக ஊர் கண்டுபிடித்த வழி. திருமணமானவள் என்பதைத் தெருவுக்குச் சொல்வது கால் மெட்டி. பொறுப்பான வேலைகளெல்லாம் வேறு நகைகளுக்குப் போனதால் கை மோதிரம் விளையாட்டுக்கு மிஞ்சியது.

வைரத்தின் நிலையும் அப்படியே. தமிழ்நாட்டில் வைரம் இருந்த இடம் காதும் மூக்கும்: ஏழு கல் தோடு, மூக்குத்தி. புளூ ஜாகர் என்று கல்லைத் தரம் பார்த்து வாங்குவார்கள், ஆகுமா ஆகாதா என்று சில நாள் வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள். விரலுக்கு வைரம் கொங்கில் ஏறாததற்கு இன்னொரு காரணம் பேங்க். நகைக்கடனுக்கு எடைபோடும்போது கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்தை மட்டும்தான் மதிப்பார்கள். தறி போட, மோட்டார் மாற்ற, பனியன் கம்பெனிக்கு நூல் எடுக்க, ஆனி ஆடியில் பையன் காலேஜ் ஃபீஸ் கட்ட என்று அவசரத்துக்கு அடகு வைக்க முடியாத நகையைப் பவுன் கணக்கில் வாழும் ஊர் நகையாகவே சேர்ப்பதில்லை. டி பியர்ஸ் வைரத்தை விற்கக் கூடாத பொருளாக்கி விலையைக் காத்தது. காங்கேயம் தங்கத்தை எந்நேரமும் பணமாக்கக்கூடிய பொருளாக வைத்து அதே வேலையைச் செய்கிறது. இரண்டில் எது புத்திசாலித்தனம் என்று என்னைக் கேட்டால் பவுன் பக்கம்தான் நிற்பேன்.

ஆனால் சொந்தம் பிணையாக நிற்கும் ஏற்பாட்டைப் புகழ்ந்துவிட்டு ஓய்ந்துவிட முடியாது. சொந்தம் என்பது இங்கே சாதி. சாதிக்குள் வாக்கைக் காக்கும் அதே நூறு பேர், சாதி தாண்டிக் கொடுத்த வாக்கை உடைக்கவும் கூடுவார்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, சாதி தாண்டி மணந்ததற்காகப் பட்டப்பகலில் நடந்த படுகொலை இதே திருப்பூர் மாவட்டத்தில்தான் நடந்தது. சொந்தத்தைப் பிணை வைக்க முடியாதவர்களுக்கு என்ன வழி?

வழியைத் தமிழ்நாட்டுச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு முன்பே திறந்தது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்ற பிரிவை 1967ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சுயமரியாதை, சீர்திருத்தத் திருமணங்கள் அதன்படி செல்லும், முன்பு நடந்தவையும் செல்லும். உறவினர் அல்லது நண்பர் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால் போதும். அல்லது எந்த விரலிலாவது மோதிரம் போட்டால் போதும். அல்லது தாலி கட்டினால் போதும். 'எந்த விரலிலாவது' என்று சட்டமே எழுதியிருக்கிறது. இதயத்துக்குப் போகும் நரம்பைப் பற்றிச் சட்டம் எழுதியவர்கள் கவலைப்படவில்லை. மேற்கில் கல்யாணத்துக்கு முன்பான பிணையாக இருந்த பொருள், இங்கே கல்யாணமாகவே ஆகிவிட்டது. வழக்கறிஞர் அலுவலகம் போன்ற இடத்தில் ஊரறியாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொல்லியிருந்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. ஊரைக் கூட்ட முடியாத நெருக்கடியில் இருப்பவர்களை ஊரைக் கூட்டு என்று சட்டம் கேட்கக் கூடாது என்பதே அதன் சாரம். ஒரு குருகு மட்டும் பார்த்திருந்தது என்று கலங்கியவளுக்கு இரண்டு நண்பர்களும் ஒரு மோதிரமும் இருந்தால் இப்போது போதும்.

இதைக் கவனித்த பிறகு மண்டப மேடையின் மோதிர மாற்றம் வேறு மாதிரித் தெரிகிறது. அது பெரும்பாலும் போட்டோவுக்காகத்தான் வந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஜப்பானுக்கும் விளம்பரத்தால்தான் வந்தது. ஆனால் திருப்பூரின் பனியன் தொழில் கொங்குக் கல்யாணத்தைச் சுற்றியிருந்த வேலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திவருகிறது. பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், தேனியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஒரே தளத்தில் தைக்கிறார்கள். பேசி முடித்த கல்யாணத்திலும் பெண்ணும் மாப்பிள்ளையும் நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடையில் ஆறு மாதம் போனில் பேசிப் பழகுகிறார்கள். பழகிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்பதும் நடக்கிறது. அப்படி முறியும்போது இரு வீடும் சீர்ப்பட்டியலைக் கையில் எடுக்கின்றன. வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1985இல் வந்த விதிகள் பரிசுகளைப் பட்டியலிட்டு வைக்கச் சொன்னாலும், பெரும்பாலான வீடுகளில் பட்டியல் அம்மாவின் நினைவில்தான் இருக்கும். போட்ட மோதிரங்கள் திரும்பி வருகின்றன, கேக்குக்குக் கொடுத்தது போனதுதான்.

அடுத்து என்ன கல் வரும் என்பதில் சந்தை குழம்பியிருக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த வைரம் சூரத்திலிருந்து வந்து நகைக்கடைகளில் நிறைகிறது. 2023 ஜூனில் பிரதமர் அமெரிக்க அதிபரின் மனைவிக்குப் பரிசளித்ததும் அப்படி வளர்த்த 7.5 காரட் கல்தான். அந்த ஆண்டு மத்திய பட்ஜெட் அறிவிப்பைத் தொடர்ந்து, 242 கோடி ரூபாயில் ஆய்வக வைரத்துக்கான மையம் சென்னை ஐஐடிக்கு வந்தது. டி பியர்ஸ் நிறுவனமே 2018இல் காரட் 800 டாலருக்கு ஆய்வக வைரம் விற்கத் தொடங்கி, விலை சரிந்துகொண்டே போனதால் 2025இல் அந்தக் கடையை மூடுவதாக அறிவித்தது. திருச்சியில் செயற்கைக் கல் பட்டை தீட்டிய குடும்பங்கள் இந்தக் கதையை முன்பே ஒருமுறை பார்த்தவை. விலை விழுந்த கல் அழகாக இருக்கலாம், பிணையாக நிற்காது. முறிப்பவனுக்கு வலிக்க வேண்டுமென்றால் மேற்கும் வேறு ஏதாவது தேட வேண்டியிருக்கும். காங்கேயத்து நகைக்கடையில் நிச்சய மோதிரம் எடுக்க வருபவர்கள் இப்போதும் முதலில் கேட்பது கல் எத்தனை காரட் என்பதை அல்ல. அரைப் பவுனா, ஒரு பவுனா, சேதாரம் எத்தனை சதவீதம் என்றுதான் கேட்கிறார்கள்.